கரிசற்காட்டுப் பூக்களைத் தெளிவுறப் படம்பிடித்தல்

பூவை நோக்காத புலவர் தமிழில் இலர். கபிலர் தாம் இயற்றிய குறிஞ்சிப்பாட்டுள் 99 மலர்களை நிரல்படப் பெயர் சொல்லி நிறுத்தினார். அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவங்கட்கும், புல்லி, இதழ், தாது, பொகுட்டு என அதன் உறுப்புக்கட்கும் தனித்தனியே பெயரிட்டனர் நம் முன்னோர். உற்று நோக்கினார்க்கே இத்துணைப் பெயர்கள் வேண்டப்படும். இந்நாளில் நம்முள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு காமிரா இருக்கின்றது. எனினும், நாம் எடுக்கும் பூப்படங்களுட் பல, தாது எது, இதழ் எது எனப் பிரித்தறிய இயலாதவாறு மங்கிக் கிடக்கின்றன. கருவியின் குறையென்று பலர் இதனைக் கருதுவர். பெரும்பாலும் அஃது ஒளியின் இயல்பொன்றை அறியாமையால் வருவதே. அவ்வியல்பையும், அதற்கேற்ப நடந்துகொள்ளும் முறையையும் தொடக்க மாணவர்க்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டுக்களை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலிருந்தே யாம் கொள்கின்றோம். 'அவ்வறண்ட காட்டிற் பூ ஏது?' என வினவுவாரும் உளர். அருப்புக்கோட்டை என்னும் பெயரே 'அரும்புக்கோட்டை' என்பதன் திரிபென்று கூறுவோர் உளர் என்பதை அன்னார் நினைவு கூர்வாராக. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்தபின், குண்டாற்றங்கரை முதல் கண்மாய்க் கரைகள் வரை ஆவாரை பொன்னிறமாய்ப் பூத்து நிற்கும். தரிசில் தும்பையும் நெருஞ்சியும் படரும். சாலையோரத்தில் எருக்கும், கண்மாயுட் கருவேலும் மலரும். இவற்றுட் பல ஓர் அங்குல அகலமும் இல்லாத சிறு பூக்கள். ஆதலின் இவற்றைப் படம்பிடிப்பார் மிக அணித்தே செல்லல் வேண்டும். இடர்ப்பாடு தொடங்குவதும் அவ்விடத்தேதான்.

லென்ஸ் ஒரு குறித்த தொலைவில் உள்ள பொருளையே முற்றத் தெளிவாகக் காட்டும். அத்தொலைவிற்கு முன்னும் பின்னும் சிறிதளவு இடம் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும். அவ்விடத்தைத் 'தெளிவாழம்' என்போம். தொலைவிலுள்ள மரத்தையோ கோபுரத்தையோ எடுக்குங்கால் தெளிவாழம் பல கஜமாகும். அதனை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. பூவை நெருங்க நெருங்க அது விரைந்து குறுகும். தொலைவு பாதியானால், தெளிவாழம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகும். 36 மி.மீ. அகலமுள்ள ஒளியேற்பான் அமைந்த காமிராவில், எப் 8 என்னும் துளையளவில், பூவின் உருவம் பத்தில் ஒரு பங்காக விழுமாயின் தெளிவாழம் சுமார் 5 செ.மீ. இருக்கும். பாதியளவாக விழுமாயின் 3 மி.மீ. அளவே. பூவின் முழு அளவிலேயே விழுமாயின் 1 மி.மீ. மட்டுமே, ஒரு நெல்மணியின் தடிப்பும் அதனுள் அடங்காது.

துளையைச் சுருக்கினால் தெளிவாழம் பெருகுமன்றோ எனின், பெருகும். எப் 16-இல் அந்த 1 மி.மீ. 2 மி.மீ. ஆகும். ஆனால் உட்புகும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். அதனை ஈடுசெய்ய நான்கு மடங்கு நேரம் ஷட்டரைத் திறந்துவைத்தல் வேண்டும். அதற்குள் பூ அசைந்துவிடும். துளையை இன்னும் சுருக்கினாலோ, ஒளி அதன் விளிம்பிற் பட்டு விரிந்து பரவுதலாற் படம் முழுதுமே சற்று மங்கும். எனவே தொடக்கத்தார் எப் 8 முதல் 11 வரை நின்று பழகுதல் நன்று.

இதனாற் பெறப்படுவது யாது? அணித்தே நின்று எடுக்கும் படத்தில் பூ முழுவதையும் ஒருங்கே தெளிவாக்குதல் அரிது. ஆகவே எவ்வுறுப்புத் தெளிவாதல் வேண்டும் என்பதைப் படம்பிடிப்பவன் முன்னரே துணிதல் வேண்டும். இத்துணிவே இக்கலையின் முதற்பாடம்.

எருக்கம்பூவை நோக்குக. விரிந்த ஐந்து இதழ்களின் நடுவே முடிபோன்றதோர் உறுப்பு ஏறத்தாழ ஒரு செ.மீ. உயர்ந்து நிற்கும். நேர் மேலிருந்து எடுப்பின், முடி தெளிந்தால் இதழ் மங்கும்; இதழ் தெளிந்தால் முடி மங்கும். பக்கவாட்டில் தாழ்ந்து எடுப்பின், முடியும் இருபுறத்து இதழ்களும் லென்ஸிற்கு ஏறக்குறைய ஒரே தொலைவில் அமைதலின் அனைத்தும் தெளியும். அகன்ற பரப்பைக் காமிராவின் முகத்திற்கு இணையாக நிறுத்துக என்பதே இதன் விதி. இரண்டு உதடுகள்போற் பிளந்த தும்பைப் பூவிற்கும் பக்கத் தோற்றமே ஏற்றது. பந்துபோன்ற கருவேலம் பூவிற்கு எப்பக்கமும் ஒன்றே. நம்மை நோக்கி முன்னே நிற்கும் இழைகளைத் தெளிவாக்கினாற் போதும். எருக்கு தடித்த பூவாதலின் எளிதில் ஆடாது. முதலிற் பழகுவார்க்கு உகந்தது. ஆனால் அதனைப் பறித்தல் வேண்டா. அதன் பால் கண்ணிற் பட்டால் தீங்கு செய்யும்.

இனி, குவியத்தைச் சேர்க்கும் முறை. இத்துணை அணிமையிற் கருவி தானே குவியத்தைத் தேடுமாயின், பூவை விட்டுப் பின்னுள்ள முள்ளைப் பற்றிக்கொள்வதும் உண்டு. ஆதலின் தானியங்கு முறையை நிறுத்தி, வேண்டிய அளவிற்குக் குவிய வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துக. தாது தெளியும் கணத்தில் மூச்சை அடக்கி, ஐந்தாறு படங்களைத் தொடர்ந்து எடுக்க. அவற்றுள் ஒன்றேனும் இலக்கில் நிற்கும். முழங்கையைத் தரையிலோ, மணல் நிரப்பிய சிறு துணிப்பையின் மீதோ ஊன்றுதல் பெருந்துணை.

கரிசல் நிலத்திற் காற்று இக்கலைக்குப் பெரும் பகை. பூவொன்று நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் அசையுமாயின், 1/100 நொடியில் அது 1 மி.மீ. நகர்ந்துவிடும்; 1/500 நொடியிலோ 0.2 மி.மீ. தான். ஆகவே ஷட்டரின் விரைவு முதன்மையானது. ஆடிக்காற்று வீசும் நாட்களை விடுத்து, மழைக்குப் பிந்திய மாதங்களில் காற்றெழாத காலைப்பொழுதிற் செல்க. நெடிய தண்டாயின், அதன் அருகே பனை ஈர்க்கொன்றை ஊன்றி நூலால் இளகக் கட்டுக. விரித்த குடையைக் காற்று வரும் பக்கத்தில் வைத்தலும் பயன் தரும்.

ஒளியையும் கருதுதல் வேண்டும். நெருஞ்சி ஞாயிற்றை நோக்கி நிற்கும் பூவாதலின், அதற்கு நேரே குனிவோன் நிழல் அதன்மேல் விழும். சற்றே சாய்ந்து நிற்க. ஆவாரை, நெருஞ்சி, கருவேல் என இந்நிலத்தில் மஞ்சட் பூக்களே மிகுதி. மிகை ஒளியில் மஞ்சள் நிறம் வெளிறி இதழின் நரம்புகள் மறைதலின், குவியம் சரியாக இருந்தும் படம் மங்கியதுபோலத் தோன்றும். ஒளியளவைச் சிறிது குறைத்து எடுப்பின் அக்குறை நீங்கும்.

கைப்பேசியன்றி வேறு காமிரா இல்லாதார் வருந்தற்க. அதன் ஒளியேற்பான் மிகச் சிறியது. அதனால் ஒரே காட்சியை எடுக்குங்காற் பெரிய காமிராவினும் அதன் தெளிவாழம் மிகுதி. ஆயினும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஓர் அணிமை எல்லை உண்டு. அதனைக் கடந்து நெருங்கினால் எதுவும் தெளியாது. சற்றே விலகி நின்று, திரையிற் பூவின் தாதைத் தொட்டுக் குவியத்தை நிலைப்படுத்தி எடுத்து, வேண்டாத ஓரத்தைப் பின்னர் வெட்டுக. எக்கருவியாயினும், அவ்விடம் விட்டு அகலுமுன் படத்தைத் திரையிற் பெரிதாக்கிப் பார்த்தல் இன்றியமையாதது. வீட்டிற்கு வந்து பார்ப்பின், மறுநாட் பூ உதிர்ந்திருக்கும்.

இத்துணை முயற்சி ஒரு சிறு பூவிற்கு எதற்கு என வினவலாம். 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் என்னும் பெரியார், தமிழகராதி தொகுத்த அதே கையால் இந்நாட்டுச் செடிகளையும் தொகுத்து உலர்த்தினார். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967-இல் இராபினாட் உலர்தாவரச் சாலையை நிறுவிய மாத்யூ அடிகளார், தமிழ்நாட்டுச் செடியினங்களைப் பற்றி 1981 முதற் பெருந்தொகுதிகள் பல வெளியிட்டார். உலர்ந்த செடி வடிவைக் காக்கும். பூவின் நிறம் வாடும். அக்குறையைத் தெளிந்த படம் நிரப்பும். ஆனால் செடியின் இனத்தை அறிவார் தாதின் எண்ணிக்கையையும் அமைப்பையும் நோக்கியே முடிவு கூறுவர். ஆவாரையின் பத்துத் தாதுக்களுள் மேலுள்ள மூன்றும் மலடு. இலைக்காம்பின் அடியிற் காதுபோல் அகன்ற செதில் உண்டு. இவை மங்கிய படம் அழகாயிருப்பினும் சான்றாகாது. எனவே ஒவ்வொரு செடிக்கும் பூவின் முகம், பக்கம், இலையோடு கூடிய தண்டு என மூன்று படங்களேனும் எடுத்து, நாளும் ஊரும் குறித்து வைக்க.

சீமைக்கருவேல் கண்மாய்களையும் தரிசுகளையும் மூடிக்கொண்டு வருகின்றது. அதன் அடியிற் பல சிறு பூண்டுகள் முளைப்பதில்லை. அவற்றின் பெயர்களை அறிந்த முதியோரும் ஊர்தோறும் குறைந்து வருகின்றனர். பாட்டியிடம் பெயரைக் கேட்டெழுதி, அப்பெயர்க்குரிய பூவைத் தாது தெளியப் படம்பிடித்து வைத்தல், தமிழ் பயிலும் மாணவரும் செடிநூல் பயிலும் மாணவரும் ஒருங்கே செய்யத்தக்க தொண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்காள், தத்தம் கண்மாய்க் கரையில் இவ்வாண்டு ஐந்து செடிகளையேனும் இம்முறையிற் பதிவுசெய்து கொணர்வீராக.