கழிவு வாயுவிலிருந்து மெத்தை வரை

இரசாயனவியலைப் பாடமாகப் படிப்பவர் பலர். அதையே வாழ்நாள் வேலையாகக் கொள்பவர் சிலர். அவர்கள் ஆய்வுகூடத்தில் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று எங்கள் வீடுகளில் கேட்பதுண்டு. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் எனக்கும் அக்கேள்வி இருந்தது. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியை சார்லொட் வில்லியம்ஸின் ஆய்வுகளைப் பற்றி வாசித்தபோது ஒரு நல்ல விடை கிடைத்தது.

நாம் பாவிக்கும் பிளாஸ்டிக் யாவும் பல்பகுதியங்களே. சிறிய மூலக்கூறுகள் மணிகளைப் போலக் கோக்கப்பட்டு நீண்ட சங்கிலியாகின்றன. அம்மணிகளில் பெரும்பாலானவை பெற்றோலியத்திலிருந்து வருகின்றன. அவற்றுள் ஒரு பங்கையாவது தொழிற்சாலைகள் வெளியேற்றும் காபனீரொட்சைட்டிலிருந்து எடுக்க முடியுமா என்பதே வில்லியம்ஸ் எடுத்துக்கொண்ட கேள்வி.

இது இலகுவானதல்ல. காபனீரொட்சைட்டு மிக உறுதியான மூலக்கூறு. பல பொருட்களுடன் இலகுவில் சேர முன்வராது. ஆகவே அதற்கு எபொக்சைட்டு என்னும் துணை தேவை. எபொக்சைட்டில் இரண்டு காபனும் ஓர் ஒட்சிசனும் மூன்று மூலை வளையமாக நெருக்குண்டு நிற்கின்றன. வளையம் திறக்கும்போது வெளிவரும் சக்தி தாக்கத்தை முன்னே தள்ளுகிறது. அப்படியிருந்தும் ஏவற்சக்தி என்ற மேட்டைக் கடக்க வேண்டும். அம்மேட்டைத் தாழ்த்தித் தருவதே ஊக்கியின் வேலை.

1969 இல் ஜப்பானிய விஞ்ஞானி ஷொஹெய் இனொவேயும் அவரது சகாக்களும் நாகச் சேர்வையொன்றைக் கொண்டு இத்தாக்கத்தை முதலில் நிகழ்த்திக் காட்டினர். ஆனால் அது மிக மெதுவாகவே நடந்தது. பின்வந்த ஊக்கிகள் பலவற்றுக்கு உயர் அமுக்கம் தேவைப்பட்டது.

வில்லியம்ஸ் 2003 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் விரிவுரையாளரானார். அவரது குழு ஒரே மூலக்கூறில் இரண்டு உலோக அணுக்களை அருகருகே வைத்தது. ஒன்று எபொக்சைட்டைப் பிடித்து வைத்திருக்க, மற்றையதில் வளரும் சங்கிலி அதைத் தாக்கும். இருவர் சேர்ந்து பாய் பின்னுவது போன்றது இது. 2009 இல் அவர்கள் வெளியிட்ட இருநாக ஊக்கி ஒரு வளிமண்டல அமுக்கத்திலேயே வேலை செய்தது. 2020 இல் மகனீசியத்தையும் கோபாற்றையும் சோடி சேர்த்தனர். இக்கலப்புச் சோடி, ஒரே உலோகம் இரண்டு உள்ள ஊக்கிகளை விடச் சிறப்பாகச் செயற்பட்டது.

ஆய்வுகூடத்தோடு இது நிற்கவில்லை. 2011 இல் எக்கொனிக் டெக்னொலஜிஸ் என்ற நிறுவனத்தை அவர் தொடங்கினார். இம்முறையில் பெறப்படும் பொலியோல்களிலிருந்து பொலியூரித்தேன் செய்யலாம். மெத்தைக்குள் இருக்கும் நுரைப்பஞ்சு பொலியூரித்தேன்தான்.

இதனால் உலகின் காபன் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது. நாமே கணித்துப் பார்க்கலாம். புரப்பிலீன் ஒட்சைட்டின் மூலர்த் திணிவு 58, காபனீரொட்சைட்டினது 44. ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்தால் மொத்தம் 102. ஆக, கிடைக்கும் பல்பகுதியத்தில் கூடியது 43 சதவீதமே காபனீரொட்சைட்டு. மீதி இன்னமும் பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்தே வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு கிலோவிலும் அந்தளவு பெற்றோலியம் மிச்சம். அதோடு, சில பொலிகாபனேற்றுகளை ஊக்கியின் உதவியால் மீண்டும் எபொக்சைட்டாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிக்கலாம் என்றும் அவரது குழு காட்டியுள்ளது. கோத்த மாலையைப் பிரித்து மணிகளைத் திரும்ப எடுப்பது போன்றது இது. வீசப்படும் பொலித்தீனால் நிறைந்த எங்கள் கரையோரங்களைப் பார்ப்பவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும்.

2016 இல் ஒக்ஸ்போர்ட் சென்ற அவர், 2021 இல் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவானார். பட்டங்களை விட என்னைக் கவர்ந்தது அவரது ஆண்டுக் கணக்குத்தான். விரிவுரையாளரானதற்கும் அந்த இருநாக ஊக்கிக்கும் இடையில் ஆறு வருடங்கள். அங்கிருந்து மகனீசியம்-கோபாற்றுச் சோடிக்குப் பதினொரு வருடங்கள். ஒரே கேள்வியை விடாமல் பிடித்திருந்த பொறுமை அது.

மருத்துவமும் பொறியியலும் உயர்ந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மகள் இரசாயனவியல் படிக்க விரும்பினால், அதை வைத்தியபீடம் கிடைக்காதவளின் இரண்டாந்தரத் தெரிவாக எண்ண வேண்டாம் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு வேண்டியது நல்ல கேள்வியொன்றும், அதைத் தேடுவதற்கு நீங்கள் மனமுவந்து கொடுக்கும் சில வருடங்களுமே.