நியூ ஆர்லியன்ஸில் 11 பேர்: ஒரு கும்பல் கொலையும் ஒரு சட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கும்பல் கொலை என்றாலே நமக்குக் கறுப்பின மக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அது சரிதான், பெரும்பாலும் பலியானவர்கள் அவர்களே. ஆனால் ஒரே இடத்தில், ஒரே நாளில் நடந்த மிகப்பெரிய கும்பல் கொலைகளில் ஒன்றில் செத்தவர்கள் இத்தாலியர்கள். இடம் நியூ ஆர்லியன்ஸ், நாள் 1891 மார்ச் 14. கொலையை விட அதற்குப் பிறகு நடந்த வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

முதலில், சிசிலிக்காரர்களுக்கு லூசியானாவில் என்ன வேலை? அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டக்காரர்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். பலெர்மோவிலிருந்து நேராகவே நியூ ஆர்லியன்ஸுக்குக் கப்பல் வந்தது. கரும்பு வெட்ட வந்தவர்களில் பலர் பிறகு நகரத்திலேயே தங்கி, பழ வியாபாரம், துறைமுக வேலை என்று ஊன்றிக்கொண்டார்கள். பழக் கப்பல்களில் சரக்கு இறக்கும் ஒப்பந்தத்துக்காக இரண்டு இத்தாலியக் கோஷ்டிகளுக்குள் சண்டையும் இருந்தது.

1890 அக்டோபர் 15 இரவு, நகரப் போலீஸ் தலைவர் டேவிட் ஹென்னஸி வீட்டுக்கு நடந்து போகும்போது சுடப்பட்டார். மறுநாள் இறந்தார். "யார் சுட்டது?" என்று கேட்டதற்கு இத்தாலியர்களைக் குறிக்கும் வசைச்சொல் ஒன்றைச் சொன்னார் என்று சக அதிகாரி ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். மேயர் ஷேக்ஸ்பியர் (ஆமாங்க, அவர் பெயரே அதுதான்) உத்தரவில் போலீஸ் இத்தாலியர்களைக் கண்ட இடத்தில் பிடித்தது.

19 பேர் மேல் வழக்கு. முதலில் 9 பேரை விசாரித்தார்கள். மார்ச் 13 அன்று ஜூரி 6 பேரை விடுவித்தது, 3 பேர் விஷயத்தில் முடிவுக்கு வர முடியவில்லை. ஜூரிக்குப் பணம் போயிருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. மறுநாள் காலைப் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு: நீதியின் தோல்வியைச் சரிசெய்யத் தயாராக வாருங்கள். கீழே நகரத்துப் பெரிய மனிதர்களின் பெயர்கள்! ஆயிரக்கணக்கில் கூட்டம் திரண்டது. தலைமை தாங்கியவர் பார்க்கர்சன் என்ற வக்கீல். சிறைக் கதவை உடைத்து உள்ளே போய் 9 பேரைக் கொன்றார்கள். இரண்டு பேரை வெளியே இழுத்து வந்து, ஒருவரை விளக்குக் கம்பத்திலும் இன்னொருவரை மரத்திலும் தூக்கிலிட்டார்கள். செத்த 11 பேரில் 3 பேர் விடுதலையானவர்கள், 3 பேர் ஜூரி முடிவு சொல்லாதவர்கள், மீதி 5 பேர் மேல் விசாரணையே தொடங்கவில்லை. கும்பலில் ஒருவர் மேல்கூட வழக்கு வரவில்லை.

இத்தாலி தன் தூதரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. 1892-ல் அமெரிக்கா 25,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. அதே வருடம் அதிபர் ஹாரிசன் கொலம்பஸ் வந்திறங்கிய 400-வது ஆண்டைக் கொண்டாடச் சொன்னார். இத்தாலியர்களைச் சமாதானப்படுத்தத்தான் என்று பலர் சொல்வதுண்டு. இருக்கலாம், ஆனால் 400-வது ஆண்டு எப்படியும் வரத்தானே போகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொலை நடந்து இரண்டே மாதத்தில், மாசசூசெட்ஸ் காங்கிரஸ் உறுப்பினர் ஹென்றி கபட் லாட்ஜ் ஒரு கட்டுரை எழுதினார். கும்பல் செய்தது தப்பு என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதற்கு மூல காரணம் யாரென்றால், கண்டபடி உள்ளே விடப்பட்ட வந்தேறிகளாம்! அடி வாங்கியவனே அடிக்குக் காரணம். இதற்கு அவர் சொன்ன மருந்து எழுத்தறிவுச் சோதனை. படிக்கத் தெரியாதவன் உள்ளே வரக் கூடாது.

கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும், எந்த இனத்தின் பெயரும் அதில் இல்லை. ஆனால் அப்போது ஜெர்மானியர், ஸ்காண்டிநேவியர் பெரும்பாலும் படித்தவர்கள். தென் இத்தாலியில் பள்ளிக்கூடத்தைப் பார்க்காதவர்களே அதிகம். யாரை வடிகட்டும் என்று லாட்ஜுக்கு நன்றாகவே தெரியும், அதை அவர் மறைக்கவும் இல்லை. 1882-ல் சீனத் தொழிலாளர்களை இனப் பெயர் சொல்லியே தடுத்திருந்தார்கள். ஐரோப்பியர் விஷயத்தில் அந்தத் துணிச்சல் வரவில்லை போல. 1894-ல் ஹார்வர்டில் படித்த இளைஞர்கள் சிலர் பாஸ்டனில் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கி, இந்த ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டார்கள்.

1897-ல் மசோதா இரு அவைகளிலும் தேறியது. அதிபர் கிளீவ்லாண்ட் பதவி முடிய இரண்டு நாள் இருக்கும்போது அதை நிராகரித்தார். படிக்கத் தெரியாத, வேலை தேடி வரும் லட்சம் பேரை விட, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கலகக்காரன்தான் ஆபத்து என்பது அவர் வாதம். பிறகு டாஃப்ட் ஒரு முறையும் வில்சன் இரண்டு முறையும் நிராகரித்தார்கள். கடைசியில் 1917-ல் வில்சனின் நிராகரிப்பை மீறி அது சட்டமானது. அதே சட்டம்தான் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதியிலிருந்து குடியேறுவதையும் தடை செய்தது.

இதில் வேடிக்கை, அதற்குள் ஐரோப்பாவில் பள்ளிக்கூடங்கள் பெருகிவிட்டன. சோதனையில் தோற்றவர்கள் மிகக் குறைவு. வேறு வழி தேடினார்கள். 1924 சட்டம், 1890 மக்கள்தொகைக் கணக்கின்படி அமெரிக்காவில் இருந்த ஒவ்வொரு நாட்டவரிலும் 2 சதவீதம் என்று ஒதுக்கீடு வைத்தது. ஏன் 1890? இத்தாலியர் அலை பெரிதாக எழும்புவதற்கு முந்தைய கணக்கு அது. இத்தாலிக்குக் கிடைத்தது வருடத்துக்கு 3,845 இடம்.

நியூ ஆர்லியன்ஸ் நகரம் அந்த 11 பேருக்காக மன்னிப்புக் கேட்டது 2019-ல். கேட்டவர் மேயர் லடோயா கான்ட்ரெல், அந்த நகரத்தின் முதல் பெண் மேயர், கறுப்பினத்தவர்.