20 விழுக்காடு, எதில்?

ஜொகூர் பாருவில் ஒரு மளிகைக்கடைக்காரர் 60,000 வெள்ளிக்கு ஒரு வேன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. வேன் ஓட ஓட மதிப்பு இறங்கும். அதற்குத் தேய்மானம் என்று பெயர். விலை, வாங்கிய தேதி, ஒரு விழுக்காடு, இவற்றைக் கணக்கு மென்பொருளில் தட்டிவிட்டால் மாதாமாதம் அதுவே கழித்துக்கொள்ளும். வேனில் கீறல் விழுந்ததா, டயர் தேய்ந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

20 விழுக்காடு என்று போட்டால் ஆண்டுக்கு 12,000, மாதத்துக்கு 1,000 வெள்ளி குறையும். ஐந்தே ஆண்டில் மதிப்பு சுழியம். இது நேர்கோட்டு முறை.

அதே மென்பொருளில் இன்னொரு முறையும் உண்டு. அதில் 20 விழுக்காட்டை வாங்கிய விலையில் பார்க்காமல், ஆண்டுக்கு ஒருமுறை மிச்சத்தில் பார்ப்பார்கள். முதல் ஆண்டு முடிவில் 48,000, அடுத்து 38,400, பிறகு 30,720. ஐந்தாம் ஆண்டு முடிந்தும் 19,660 வெள்ளி 80 காசு நிற்கும்! மூன்று ஆண்டில் ஏறக்குறையப் பாதி, இன்னும் மூன்று ஆண்டில் அதிலும் பாதி. கதிரியக்கப் பொருள்கள் குறைவதும் இப்படித்தான்.

இது எப்போது சுழியம் ஆகும்? ஆகவே ஆகாது. எந்த எண்ணாக இருந்தாலும் ஐந்தில் நான்கு பங்கு மிஞ்சுமே! ஆனால் மென்பொருளுக்குக் காசுக்குக் கீழே எண்ணத் தெரியாது. பல பத்தாண்டுகள் கழித்து 3 காசு மிஞ்சுகிறது என்போம். அதில் 20 விழுக்காடு 0.6 காசு, 1 காசு என்று கழிக்கும். மிச்சம் 2. அதில் 20 விழுக்காடு 0.4 காசு, அது 0 ஆகிவிடும். அவ்வளவுதான், வேன் என்றென்றும் 2 காசில் நின்றுவிடும். மலேசியாவில் 2008 ஏப்ரல் முதல் ரொக்க பில்லையே 5 காசுக்கு ஒட்டிச் சரிசெய்கிறார்கள் என்பது வேடிக்கை!

நேர்கோட்டிலும் சில்லறை தங்கும். 3,000 வெள்ளிக் கணினியை மூன்று ஆண்டில் முடிக்க 33.33 விழுக்காடு போட்டால் 30 காசு மிஞ்சும். அதைக் கடைசி மாதத்தில் சேர்த்துக் கழித்துவிடலாம். சில கணக்கர்கள் வேண்டுமென்றே 1 வெள்ளி விட்டுவைப்பார்கள். பொருள் இன்னும் கடையில் இருக்கிறது என்று ஏட்டில் தெரியட்டுமே!

வரிக்காகக் கழிக்கும்போது உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் கணக்கு வேறு. சரக்கு வேனுக்கு முதல் ஆண்டில் தொடக்கக் கழிவு 20, ஆண்டுக் கழிவு 20, ஆக 40 விழுக்காடு. பிறகு ஆண்டுக்கு 20. எல்லாமே வாங்கிய விலையில்தான். நான்கு ஆண்டில் முடிந்துவிடும். கடையின் மாவரைக்கும் இயந்திரத்துக்கும் தொடக்கக் கழிவு 20தான், ஆனால் ஆண்டுக் கழிவு 14. அது எத்தனையாவது ஆண்டில் முடியும்? பென்சிலை எடுங்கள்.