ஒரே புள்ளி... தங்கம் யாருக்கு? மேடையில் நடந்த அதிசயம்!

துப்பாக்கி சுடும் போட்டியில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சரிசமமாகப் புள்ளி எடுத்துவிட்டால் தங்கப்பதக்கம் யாருக்கு? 1976-ம் ஆண்டு கனடாவில் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்தச் சிக்கல் நிஜமாகவே வந்தது.

மோதிய இருவரும் அமெரிக்கர்கள். ஒருவர் லானி பாஷம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கத்தைக் கோட்டைவிட்டு வெள்ளியோடு திரும்பியவர். இன்னொருவர் மார்கரெட் மர்டாக். கான்சாஸ் மாநிலத்துப் பெண். வயது 33. ஒரு குழந்தைக்குத் தாய்.

அம்மா சாமானியப்பட்டவர் அல்ல. 1970-ல் பீனிக்ஸ் நகரில் நின்றபடி சுடும் போட்டியில் ஆண்களை ஓரங்கட்டி உலக சாம்பியன் ஆனவர். அப்போது அவர் நாலு மாத கர்ப்பிணி என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

மூச்சு விட்டாலும் போச்சு

அந்தக் காலத்து ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடப் பெண்களுக்கென்று தனிப் போட்டி கிடையாது. சுட வேண்டுமா, ஆண்களோடு வரிசையில் நில்!

ஆயுதம் பாயிண்ட் 22 ரைபிள். தோட்டா சின்னது. குறி 50 மீட்டர் தள்ளி. ஐந்து டவுன் பஸ்களை வரிசையாக நிறுத்தினால் வருகிற தூரம். நடுப்புள்ளியோ சட்டைப் பித்தான் அளவுதான். படுத்து 40, நின்று 40, மண்டியிட்டு 40 என்று மொத்தம் 120 குண்டு. ஒவ்வொன்றும் நடுவில் பட்டால் 1,200 புள்ளி.

இதில் துப்பாக்கி கிழடானாலும் கவலையில்லை. 1919-ல் வெளிவந்த வின்செஸ்டர் 52 ரக ரைபிளை இன்றைக்கும் துடைத்து, எண்ணெய் போட்டு, போட்டிக்குக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. கை நடுங்கினால்தான் ஆபத்து. நெஞ்சு படபடத்தாலே குழல் ஆடும்.

கணக்கில் குளறுபடி

முதலில் மர்டாக் ஒரு புள்ளி முன்னே என்று தெரிந்தது. தங்கம் அந்த அம்மாவுக்குத்தான் என்று பேச்சு. அப்புறம் கூட்டலில் தப்பு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். திருத்திப் பார்த்தால் இருவருக்கும் 1,162! மூன்றாவது வந்த மேற்கு ஜெர்மனியின் வெர்னர் சைபோல்டுக்கு 1,160.

சுட்ட அட்டைகளை மறுபடி ஆராய்ந்தார்கள். விதிப்படி தங்கம் பாஷமுக்குப் போனது. 'இருவருக்கும் தங்கம் கொடுங்கள்' என்று பாஷமே கேட்டும் நடுவர்கள் மசியவில்லை. மறுபடி சுட்டு முடிவு செய்யவும் விதியில் இடமில்லை.

பதக்க மேடை. தேசியகீதம் தொடங்கப் போகிற நேரம். உச்சிப் படியில் நின்ற பாஷம், கீழ்ப்படியில் இருந்த மர்டாக்கின் கையைப் பிடித்து மேலே தூக்கி நிறுத்திக்கொண்டார். கீதம் முடியும்வரை ஒரே படியில் இருவரும்! ஆனால் கழுத்தில் தொங்கியது என்னவோ அந்த அம்மாவுக்கு வெள்ளிதான். ஒலிம்பிக் துப்பாக்கி சுடும் போட்டியில் ஒரு பெண் வாங்கிய முதல் பதக்கம் அது.

120-ல் பாதி!

எட்டு வருஷம் கழித்து 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தனிப் போட்டி வைத்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் மூன்று நிலைப் போட்டியில் பெண்களுக்கு 60 குண்டு போதும் என்று விதி போட்டார்கள்! ஆண்களுக்கு வழக்கம்போல 120. ஆண்களோடு நின்று 120 குண்டும் சுட்டுச் சரிக்குச் சரி புள்ளி எடுத்த பெண்ணை ஊரே பார்த்த பிறகுதான் இந்தக் கூத்து.

பெண்களுக்கும் 120 குண்டு என்று விதி மாறியது 2018-ல்.