பக்கத்திற்குள் ஒரு முகவரி

திருவனந்தபுரம் மாநகராட்சியில் கட்டடங்களுக்கு ‘டி.சி.’ எனத் தொடங்கும் எண் வழங்கப்படுகிறது. அவ்வெழுத்துகளை அடுத்து வார்டின் எண்ணும், பின்னர் ஒரு சாய்கோடும், அதன்பின் கட்டடத்தின் எண்ணும் வரும். ஆரியசாலைக் கடைகளின் முகவரிகளும் இவ்வாறே அமைந்தவை. பெரிய வட்டாரத்தை முதலிலும் அதனுள் அடங்கிய இடத்தைப் பின்னரும் கூறுவது இதன் இயல்பு.

கணிப்பொறியில் கோப்பைக் கண்டறியும் முறையும் இதைப் போன்றதே. கோப்புகள் கோப்புறைகளில் உள்ளன. ஒரு கோப்புறைக்குள் வேறு கோப்புறைகளும் இருக்கலாம். வேரிலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து இலைக்கும் செல்வது போன்ற இவ்வமைப்பு மரவமைப்பு எனப்படும். யூனிக்ஸ் இயங்குதளம் இப்பாதையின் படிகளைச் சாய்கோட்டால் பிரித்தது. 1989இல் செர்ன் ஆய்வகத்தில் வலையை முன்மொழிந்த டிம் பெர்னர்ஸ் லீ, பின்னர் வலை முகவரிகளுக்கும் அம்முறையையே கையாண்டார்.

முகவரி சுட்டும் பக்கமும் உள்ளுக்குள் ஒரு மரமே. ஆரியசாலையைப் பற்றி மாணவர் ஒருவர் வலைப்பக்கம் அமைப்பதாகக் கொள்ளலாம். முதற்பத்தி சாலைக் கடைவீதியைப் பற்றியது. இரண்டாம் பத்தி நவராத்திரி விழாவைப் பற்றியது. விழாவிற்குப் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக வரும் மூன்று தெய்வத் திருமேனிகள் தங்கும் இடங்கள் அதன்பின் பட்டியலாக வருகின்றன: சரசுவதிக்குக் கோட்டைப் பகுதியில் உள்ள நவராத்திரி மண்டபம், குமாரகோயில் முருகனுக்கு ஆரியசாலைக் கோயில், சுசீந்திரம் முன்னுதித்த நங்கைக்குச் செந்திட்டைக் கோயில்.

இப்பக்கத்தில் ‘ஆவணம்’ என்பது வேர். அதனுள் ‘உடல்’, உடலுக்குள் பத்திகளும் பட்டியலும், பட்டியலுக்குள் மூன்று உருப்படிகள். இவ்வமைப்பை அப்படியே கோப்புறைகளாக மாற்றிவிடலாம் என்றே முதலில் தோன்றும். ஆயின், ஒரு கோப்புறைக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க இயலாது. பக்கத்திலோ இரண்டு ‘பத்தி’களும் மூன்று ‘உருப்படி’களும் உள்ளன. மேலும், கோப்புறையில் கோப்புகள் எவ்வரிசையில் இருந்தாலும் பொருள் மாறாது. பத்திகள் இடம் மாறினாலோ கட்டுரையே சிதையும்.

ஆகவே பெயருடன் எண்ணையும் சேர்க்க வேண்டும். குறியிட்ட ஆவணங்களின் உறுப்புகளைச் சுட்டுவதற்கு 1999இல் வலைக் கூட்டமைப்பு பரிந்துரைத்த ‘எக்ஸ்பாத்’ என்னும் மொழி இதனையே செய்கிறது. ஆரியசாலை இடம்பெறும் உருப்படியின் பாதை அம்மொழியின் முறைப்படி

/ஆவணம்/உடல்/பட்டியல்/உருப்படி[2]

என அமையும். கணிப்பொறி மொழிகள் பலவும் சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்க, எக்ஸ்பாத் மனிதரைப் போல ஒன்றிலிருந்து எண்ணுவது சுவையான செய்தி. கோப்புகளுக்கு எண்ணிட்டுப் பெயர் வைப்போர் 2 என்பதை 02 என எழுதுவது நன்று. எழுத்து வரிசைப்படி அடுக்கும் நிரல்கள் 10ஐ 2க்கு முன்னால் வைத்துவிடும்.

இன்னொரு சிக்கல் சற்று நுட்பமானது. ஒரு பத்தியின் நடுவில் ‘ஆரியசாலை’ என்னும் சொல் மட்டும் தடித்த எழுத்தில் இருப்பதாகக் கொள்க. கோப்பு என்றால் அதனுள் எழுத்து இருக்கும். கோப்புறை என்றால் அதனுள் வேறு கோப்புகள் இருக்கும். இப்பத்தியோ இரண்டுமாக நிற்கிறது. எனவே அதைக் கோப்புறையாகக் கொண்டு, தடித்த சொல்லுக்கு முன்னுள்ள எழுத்துகளை ஒரு கோப்பாகவும், அச்சொல்லை ஓர் உட்கோப்புறையாகவும், பின்னுள்ள எழுத்துகளை மற்றொரு கோப்பாகவும் பிரிக்க நேரும். ஒரே வாக்கியம் மூன்று துண்டாகிறது. உலாவிகளும் பக்கத்தைத் தமக்குள் இவ்வாறே துண்டுகளாக வைத்துக்கொள்கின்றன.

எண்ணால் அமைந்த முகவரிக்கு ஒரு குறை உண்டு. மாணவர் தம் பக்கத்தின் தொடக்கத்தில் புதிய பத்தி ஒன்றைச் சேர்த்தால், பத்தி[2] என்றிருந்த நவராத்திரிப் பத்தி பத்தி[3] ஆகிவிடும். பழைய பாதையைக் குறித்து வைத்திருந்தவர் கடைவீதிப் பத்தியையே காண்பார். பிழை நேர்ந்ததாக எந்த அறிவிப்பும் வராது. வார்டு எல்லைகள் மாறிக் கட்டடங்களுக்குப் புதிய எண் இடப்படும்போது, பழைய எண்ணுடன் வீடு தேடுபவரின் நிலையும் இதுவே.

இக்குறைக்கு மாற்று உண்டு. பக்கத்தின் எந்த உறுப்புக்கும் தனி அடையாளப்பெயர் ஒன்றைச் சூட்டலாம். ஒரு பக்கத்தில் அப்பெயர் ஒருமுறைதான் வர வேண்டும். நவராத்திரிப் பத்திக்கு ‘விழா’ என அடையாளமிட்டால், அதற்கு முன் எத்தனை பத்திகள் சேர்ந்தாலும் தேடுவோர் அதனை அடைவர். ஆரியசாலைக்குச் சரக்கு வாங்க வருவோரும் டி.சி. எண்ணைக் கேட்பதில்லை, கடையின் பெயரைச் சொல்லியே வழி கேட்கின்றனர்.