வானொலியும் மக்கள் செவியும்



ஒரு வானொலி நிலையம் தான் ஒலிபரப்பும் இசையின் வகையை மாற்றிக்கொள்ளுமாயின், அது சிறிய செய்தி போலத் தோன்றும். நேற்று ஒலித்த பாட்டு இன்று ஒலிக்கவில்லை. வேறு பாட்டு ஒலிக்கிறது. அவ்வளவுதானே என்று எண்ணிவிடுவோம். ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்கினால், அம்மாற்றத்தினுள் மூன்று வினாக்கள் அடங்கியிருப்பது புலனாகும். மக்கள் எதைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? அவர் எந்த நோக்கத்தோடு முடிவு செய்கிறார்? மக்கள் அதற்கு எவ்வாறு விடை கூறுகிறார்கள்? இம்மூன்றையும் விளக்கிக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டு வானொலியின் வரலாற்றிலேயே உண்டு. அது 1952ஆம் ஆண்டில் தொடங்கி, 1957ஆம் ஆண்டில் ஒரு திருப்பத்தை அடைந்தது.

முதலில் அக்கால நிலையை அறிந்துகொள்வோம். நாடு விடுதலை பெற்றபோது இந்திய வானொலிக்கு ஆறு நிலையங்களே இருந்தன. தில்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சிராப்பள்ளி என்பன அவை. சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாளிலும், திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாளிலும் தொடங்கப்பெற்றவை. அரசாங்கத்தைத் தவிர வேறு எவரும் நாட்டில் வானொலி நடத்த இயலாது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் ஆண்டுதோறும் அஞ்சல் நிலையத்தில் உரிமக் கட்டணம் செலுத்தி வந்தனர். ஆகவே, வானொலி தன் இசைத் திட்டத்தை மாற்றினால், நாடு முழுவதற்கும் அதை மாற்றியதாகவே பொருள்.

1952ஆம் ஆண்டில் டாக்டர் பி. வி. கேஸ்கர் செய்தி ஒலிபரப்புத் துறையின் அமைச்சரானார். 1962 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவர் சாத்திரிய இசையில் ஆழ்ந்த பற்றுடையவர். அந்நாளில் சமஸ்தானங்கள் யாவும் இந்தியாவோடு இணைந்துவிட்டன. அரண்மனைகளை நம்பி வாழ்ந்த இசைவாணர்கள் ஆதரவின்றி நின்றனர். அரசர்கள் விட்ட இடத்தை வானொலியே நிரப்ப வேண்டும் என்று அமைச்சர் கருதினார். அது நல்ல கருத்து என்பதில் ஐயமில்லை. 1952 ஜூலையில் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கிற்று. 1954இல் வானொலி இசை விழா தொடங்கிற்று. இசைவாணர்களின் திறமையைக் குழு அமைத்துத் தேர்ந்து, தரம் பிரிக்கும் முறையும் ஏற்பட்டது. சென்னையில் ஒரு பெரிய வித்துவான் பாடுவதைச் சிற்றூரிலுள்ள ஓர் உழவர் காசு கொடுக்காமல் கேட்கும் வாய்ப்பு இவ்வாறே வளர்ந்தது.

ஆனால் திட்டத்திற்கு மற்றொரு பக்கமும் இருந்தது. திரைப்படப் பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுக்கின்றன என்று அமைச்சர் எண்ணினார். ஆகவே, 1952இன் பிற்பகுதியில் அப்பாடல்களுக்குரிய நேரம் நூற்றுக்குப் பத்துப் பங்காகக் குறைக்கப்பட்டது. அந்தப் பத்துப் பங்கிலும் தணிக்கை செய்து தேர்ந்த பாடல்களுக்கே இடம். பாடகர் பெயரைக் கூறலாம். படத்தின் பெயரைக் கூறலாகாது, கூறினால் அது விளம்பரமாகும் என்றும் விதிக்கப்பட்டது. படத் தயாரிப்பாளர்கள் சினங்கொண்டு, தங்கள் பாடல்களை ஒலிபரப்பும் உரிமையை மீட்டுக்கொண்டனர். சில மாதங்களுக்குள் இந்தித் திரைப்பாடல்கள் வானொலியிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போயின.

மக்கள் என்ன செய்தனர்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பது பழமொழி. ஊரின் செவிக்கும் உலைமூடி இல்லை. அவர்கள் எவரோடும் வாதாடவில்லை. பெட்டியின் திருகைத் திருப்பினர். முள் கொழும்பில் போய் நின்றது.

கொழும்பு ஓமலூருக்கு 500 கிலோமீட்டருக்கும் அப்பால், கடலுக்கு அக்கரையில் உள்ளது. அங்கிருந்து பாட்டு எப்படி வந்தது என்பது அறிவியல் பயிலும் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி. மத்திய அலை பகற்பொழுதில் பெரும்பாலும் நிலத்தை ஒட்டியே செல்லும். தொலைவு கூடக் கூட அதன் வலிமை குன்றும். சிற்றலையோ மேல்நோக்கிச் சென்று, வானத்தின் உயரத்தில் உள்ள மின்னேற்ற மண்டலத்தில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்களுக்கு அப்பால் வந்து இறங்கும். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி ஒன்று இலங்கையில் நிறுவப்பட்டது. போருக்குப் பின் அது இலங்கை வானொலியின் உடைமையாயிற்று. 1950இல் அங்கே வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கிற்று. போருக்காக வந்த கருவி பாட்டுக்குப் பயன்பட்டது.

இந்திய வானொலியின் கதவு அடைபட்ட அதே 1952ஆம் ஆண்டு டிசம்பரில், அமீன் சயானி நடத்திய ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் இந்திப் பாடல் நிகழ்ச்சி இலங்கை வானொலியில் தொடங்கியது. அது பம்பாயிலேயே ஒலிப்பதிவாகி, விமானத்தில் கொழும்பு சென்று, அங்கிருந்து அலையாகப் பம்பாய்க்கே திரும்பி வந்தது. விளம்பரப் பணமும் அவ்வழியே கடல் கடந்தது. தமிழ்ப் பாடல்களை விரும்பியவர்களும் கொழும்பை நாடினர். எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர் குரல் போலாயிற்று.

எங்கள் ஊர்ப் பக்கத்தாருக்கு இதில் ஒரு விந்தை உண்டு. ஓமலூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சேலத்தில், டி. ஆர். சுந்தரம் 1935ஆம் ஆண்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ‘மந்திரி குமாரி’ (1950), ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) முதலிய படங்கள் அங்கே உருவாயின. சேலத்திலே பிறந்த படத்தின் பாட்டைச் சேலத்து மக்கள் கொழும்பின் வழியாகக் கேட்டு மகிழ்ந்தனர்! 1960களின் பிற்பகுதியில் நான் தொடக்கப் பள்ளியில் பயின்றபோதும் இவ்வழக்கம் நின்றுவிடவில்லை. ஊராட்சி மன்றத்து ஒலிபெருக்கியில் நம் வானொலியின் செய்தியும் வேளாண்மை நிகழ்ச்சியும் ஒலிக்கும். பெரியவர்கள் அங்கே அமர்ந்து கேட்பர். சற்றுத் தள்ளித் தேநீர்க் கடையில் இலங்கை வானொலி பாடும். செய்திக்கு ஓரிடம், பாட்டுக்கு ஓரிடம் என்று ஊரார் தாமே பிரித்து வைத்துக்கொண்டனர்.

அரசாங்கம் இதனை உணர்ந்தது. 1957ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் ‘விவித பாரதி’ என்னும் புதிய சேவை தொடங்கப்பெற்றது. பம்பாய், சென்னை ஆகிய நகரங்களின் சிற்றலை ஒலிபரப்பிகள் வழியாக அது நாடெங்கும் சென்றது. திரைப்பாடலுக்கு அங்கே தாராளமாக இடம் கிடைத்தது. மெல்லிசையும் சிறு நாடகமும் உடன் வந்தன. 1967 நவம்பரில் பம்பாய், புனா, நாகபுரி நகரங்களில் வர்த்தக விளம்பரங்களும் தொடங்கின. பிறகு சென்னை முதலிய நகரங்களுக்கும் பரவின. எந்தப் பாட்டுக்குக் கதவு அடைக்கப்பட்டதோ, அதே பாட்டு முன்வாசல் வழியாக வீட்டிற்குள் வந்து சேர்ந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. எண்ணறியாத குழந்தைக்குப் பெருக்கல் வாய்பாட்டை முதல் நாளே ஒப்பிக்கச் செய்யும் ஆசிரியர் தோற்றுப்போவார். புளியங்கொட்டையை எண்ணச் செய்பவர் வெற்றி பெறுவார். 1952ஆம் ஆண்டுத் திட்டத்தின் நோக்கம் உயர்ந்ததாயினும், அது இவ்விதியை மறந்தது. மக்கள் அறிந்திருந்த பாட்டை அகற்றிவிட்டு, அறியாத பாட்டை முன்வைத்தது.

திரைப்பாடலே சாத்திரிய இசைக்கு வாசலாக அமையக்கூடும் என்பதற்குத் தமிழ்ப் படங்களே சான்று. 1944இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் பாடிய ஒரு பாடல் சாருகேசி இராகத்தில் அமைந்தது. அவ்விராகத்தின் பெயரையே அறியாதவர்கள் அதன் சாயலை அறிந்திருந்தார்கள். பிற்காலத்தில் விவித பாரதியே ‘சங்கீத் சரிதா’ என்னும் நிகழ்ச்சியில், ஓர் இராகத்தில் அமைந்த திரைப்பாடலை ஒலிக்கச் செய்து, அதே இராகத்தைப் பெரிய கலைஞர்கள் பாடுவதையும் விளக்கிக் காட்டியது. நல்லாசிரியர் கையாளும் முறை அதுவே.

தடை மட்டும் சுவையை மாற்றாது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. கமகங்களை வாசிக்க ஏற்றதன்று என்று கருதி, 1940 மார்ச் முதல் ஆர்மோனியத்தை வானொலி விலக்கி வைத்தது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. அந்த முப்பது ஆண்டுகளிலும் நாடக மேடையிலும் தெருக்கூத்திலும் பசனை மடத்திலும் ஆர்மோனியப் பெட்டி ஒலித்துக்கொண்டே இருந்தது.

மாணவர்களே, இவை பழங்கதைகள் என்று நீங்கள் எண்ணலாம். இன்று தனியார் பண்பலை நிலையங்கள் பல உள்ளன. உங்கள் கைபேசியோ, நீங்கள் கேளாமலே அடுத்த பாட்டைத் தேர்ந்து தருகிறது. நேற்று நீங்கள் விரும்பியதைக் கணக்கிட்டு, அதைப் போன்றதையே இன்றும் தருகிறது. இதனால் தேர்பவர் இல்லாமற் போய்விடவில்லை. அன்று அமைச்சர் தேர்ந்தார். இன்று வணிக நிறுவனத்தின் கணக்குப்பொறி தேர்கிறது. முன்னது தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரியாததைத் திணித்தது. பின்னது தெரிந்ததிலேயே நம்மை நிறுத்திவிட்டுத் தெரியாததன் பக்கம் திரும்பவே விடுவதில்லை. இரண்டும் கல்வி முறைக்கு மாறானவையே. முன்னதை மக்கள் எளிதில் கண்டுகொண்டனர். விரும்பியது கிடைக்காமையால் திருகைத் திருப்பினர். பின்னதைக் கண்டுகொள்வது அரிது. விரும்பியது இடைவிடாமல் கிடைக்கும்போது திருகைத் திருப்ப யாருக்குத் தோன்றும்? ஆகவேதான் இதனை உங்களுக்கு எடுத்துரைக்கிறேன்.

உங்களுக்கு ஒரு சிறு பயிற்சி தருகிறேன். நீங்கள் மிக விரும்பும் ஒரு திரைப்பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அஃது எந்த இராகத்தைத் தழுவியது என்று இசையறிந்த ஒருவரிடம் கேளுங்கள். அவ்விராகத்தை ஒரு நாகசுரக் கலைஞர் வாசிக்கக் கால் மணி நேரம் கேளுங்கள். பின்னர் உங்கள் வீட்டுப் பாட்டியிடம், நாற்று நடும்போது பாடிய பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். அப்பாட்டை எந்தக் கணக்குப்பொறியும் தானே உங்களிடம் கொண்டுவந்து தராது. பாட்டியின் காலத்திற்குப் பின் அது கிடைப்பதும் அரிது. பிடித்த பாட்டைக் கைவிட வேண்டியதில்லை. அதனை முதற்படியாகக் கொண்டு அடுத்த படியில் கால் வையுங்கள்.