காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு ஒன்பதில் ஒரு பங்குதான். வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு எல்லாம் சம அளவில் சேர்ந்தாலும், நாக்கு அறிவது நிலவேம்பை மட்டுமே. அந்தக் கசப்பைத் தரும் ஆண்ட்ரோகிராஃபோலைடை 1911-ல் கோர்ட்டர் என்பவர் பிரித்தெடுத்தார்.

நாட்டு மருந்துக் கடைப் பொடியில் 5 கிராம் எடுத்து, 200 மி.லி. தண்ணீரில் போட்டு, கால் பங்காக வற்றவைத்து வடிகட்ட வேண்டும். குடிநீர் அன்றன்று காய்ச்ச வேண்டிய மருந்து. மூன்று மணி நேரம் கடந்தால் வீரியம் போய்விடும் என்பது சித்த மருத்துவ வழக்கம். காலையில் அண்டாவில் காய்ச்சி மாலைவரை தெருவில் ஊற்றுபவர்கள் இதை எண்ணிப்பார்ப்பதில்லை.

2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசே இதை விநியோகித்தது. உரிய ஆய்வு இல்லாமல் கொடுக்க வேண்டாம் என்று 2017-ல் கமல்ஹாசன் தம் ரசிகர்களிடம் சொன்னதும் பெரிய சண்டை மூண்டது. சண்டையில் ஆய்வு காணாமல் போனது.

தாய்லாந்தில் நடந்தது நமக்கும் பாடம். லேசான கொரோனாவுக்கு நிலவேம்பைப் பயன்படுத்த அந்நாடு 2020 டிசம்பரில் அனுமதித்தது. அங்கு ஓர் ஆய்வில், மருந்து எடுத்த 29 பேரில் ஒருவருக்கும் நிமோனியா வரவில்லை. எடுக்காத 28 பேரில் மூவருக்கு வந்தது. கணக்கைச் சரிபார்த்தபோது, அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று தெரிந்தது. ஆய்வாளர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த நேர்மையை நம் ஊர் மேடைகளிலும் பார்க்க ஆசை.

மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது என்பது வெறும் பேச்சு. நிலவேம்பால் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைப் பற்றியும் சுவை உணர்வு போவதைப் பற்றியும் எச்சரித்திருக்கிறது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணியும் நேரத்தில் வருகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடல் திடீரென்று தளரும். குடிநீர் குடித்தவரோ, ‘கசாயம் கேட்டுவிட்டது’ என்று நிம்மதியாகப் படுத்துவிடுவார். தணிந்தது மருந்தாலா, நோயின் போக்காலா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே குடிப்பவர் குடிக்கட்டும். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, சிறுநீர் குறைவது – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடிநீர் முகாம் நடத்துபவர்கள் தலைவர் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, இந்தப் பட்டியலைப் பேனரில் பெரிதாக அச்சடிக்கலாம்.